ஒரே இழுப்பு

"டுர்ர்ர்ர்...!"

புன்னைக்காயல் கரையிலிருந்து அந்தச் சத்தம் வந்ததுமே, பல் விளக்கிக்கொண்டிருந்த வில்பிரட் பிரஷ்ஷைக் கடித்தபடி ஓடினான். அது அவன் விற்ற பழைய எஞ்சினின் குரல். நூறு வள்ளங்களுக்கு நடுவிலும் அவனுக்கு அடையாளம் தெரியும்.

வள்ளத்தில் உட்கார்ந்தபடி மச்சினன் கிளைட்டன் இளித்தான்.

"ஒரே இழுப்புதான் அத்தான்! சொன்ன பேச்சு கேக்கிற பிள்ளை மாதிரி எந்திரிச்சிட்டு!"

வில்பிரட்டுக்கு வயிறு எரிந்தது. போன மாதம் முழுக்கத் தோள்பட்டை கழன்றுபோகக் கயிற்றை இழுத்தும் இருமக்கூட இல்லையே, சனியன்! தட்டினான், கெஞ்சினான், மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தான். வேற்றுக்கை பட்டால் கோவித்துக்கொள்ளும் என்று மெக்கானிக்கைக் கிட்டே விடவில்லை. கடைசியில் மனைவி எமில்டாவின் நச்சரிப்பில்தான் புது எஞ்சின் வாங்கி, பழையதை அவள் தம்பிக்கே தள்ளிவிட்டான். என் கைக்கு மசியாதது எவன் கைக்கும் மசியாது என்ற நம்பிக்கை.

புதுசு மட்டும் லேசுப்பட்டதா? முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படிப் பளபளப்பு. மூடியில் ஒட்டியிருந்த பாலித்தீனை இன்னும் உரிக்கவில்லை. தொட வந்தவனை, "கையைத் துடைச்சிட்டு வாலே" என்று விரட்டினான்.

ஆனாலும் பழையது இன்னொருத்தன் கையில் உறுமுவதை எப்படிப் பொறுப்பது?

"ஏலே, அதை என்கிட்ட குடுத்துரு. வீட்டுல இருக்க புதுசை நீ எடுத்துக்க."

"நெசமாவா? பேச்சு மாறக் கூடாது அத்தான்!" கிளைட்டன் எஞ்சினை நிறுத்தி, அதை வள்ளத்தோடு பிடித்திருந்த திருகாணியைத் தளர்த்தவே ஆரம்பித்துவிட்டான்.

பின்னாலேயே ஓடிவந்த எமில்டா தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? புதுசைக் குடுத்துப் பழசை வாங்குதிய!"

"உனக்கு என்ன தெரியும் ஏளா? கோவத்துல கிடந்திருக்கு அது. பழையபடி ராத்திரி வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து, நல்ல தண்ணியில கழுவி, கட்டிலுக்குப் பக்கத்துல படுக்கவைக்கப் போறேன். எல்லாம் சரியாயிரும்."

எமில்டாவுக்கு மூக்கு சிவந்தது.

"அந்த வயித்தெரிச்சல்லதான் நல்ல பிளக்கைக் கழட்டிட்டுச் செத்த பிளக்கை மாட்டிவச்சேன்! நல்லதைத் தம்பிகிட்ட குடுத்துட்டேன்! கண்ணு முழிச்சதும் நீங்க தடவிக் குடுத்தது அதையா, என்னையா?"