ஒரு ஆளுக்கான பாத்திரம்

மாஸ்டர் என்றால் மாஸ்டர்தான். சொந்தப் பெயர் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. தொழிற்சாலை கேன்டீனில் வாழ்நாள் முழுக்கச் சமைத்தவர். தொழிற்சாலையை மூடினார்கள், மனைவியும் போய்ச் சேர்ந்தாள், மகள் வெளியூரில். மாடியில் ஒற்றை அறை, மகள் வாங்கித் தந்த கண்ணாடி போட்ட கேஸ் அடுப்பு, கேன்டீனிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குண்டான். இவ்வளவுதான் அவர் குடித்தனம்.

அந்தக் குண்டானை வைத்தால் அடுப்பின் இரண்டு பர்னரும் அதன் அடியில் காணாமல் போய்விடும். ரெண்டையும் எரியவிட்டுத்தான் சமைப்பார் மனுஷன். ஒண்டிக்கட்டைக்கு எதற்கு இவ்வளவு பெரிய பாத்திரம் என்கிறீர்களா? சின்னதில் சமைத்தால் மிஞ்சாது, மிஞ்சாவிட்டால் யாரையும் கூப்பிட முடியாது. சோறும் பருப்பும் இறக்கியதும் கதவைத் திறந்து வைப்பார். கீழ்வீட்டு டெய்லரம்மா கிண்ணத்தோடு வருவாள். வாட்ச்மேன் டிபன் பாக்ஸோடு வருவார். வாங்கிக்கொண்டு நாலு வார்த்தை பேசுவார்கள். அந்த நாலு வார்த்தைக்காகத்தான் விடிந்ததும் விடியாததுமாக அவர் காய் நறுக்க உட்காருவது.

ஒருநாள் பருப்பு கொதிக்கும்போது அடுப்புக் கண்ணாடி படாரென்று வெடித்துச் சிதறியது. சும்மா சொல்லக்கூடாது, மாஸ்டர் நிதானம் தவறவில்லை. முதலில் சிலிண்டர் ரெகுலேட்டரை அணைத்தார், அப்புறம் ஜன்னலைத் திறந்தார். கட்டடமே ஓடி வந்துவிட்டது. அத்தனை பேரையும் ஒரேயடியாகத் தன் அறையில் பார்த்ததில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. வந்தது, பாவம்.

அடுப்பு ரிப்பேர்காரர் வந்து குண்டானைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். பாத்திரம் பர்னரைத் தாண்டி இவ்வளவு விரிந்திருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் கண்ணாடி மேலேயே திரும்புமாம். தீயைத் திருகும் பிளாஸ்டிக் குமிழ்கூட இளகிப் போயிருப்பதைத் தொட்டுக் காட்டினார். ஒரு பர்னருக்கு ஒரு பாத்திரம், தட்டை அடி, ஆடாமல் உட்கார வேண்டும், தீ அடியைத் தாண்டி மேலே ஏறக்கூடாது என்று விளக்கிவிட்டுக் கேட்டார்:

"வீட்ல எத்தனை பேரு?"

"வர்றவங்க போறவங்க இருக்காங்க" என்றார் மாஸ்டர்.

சுற்றி நின்ற கட்டடத்துக்காரர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டடத்துச் சொந்தக்காரம்மா மட்டும் வளைத்துப் பேசாமல், இந்தக் குண்டான் இருந்தால் ரூம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். மாஸ்டர் வேறு எங்கே போவார்? அன்றைக்கே குண்டானைப் பழைய பாத்திரக் கடையில் போட்டுவிட்டு, ஒரு ஆளுக்கான சின்னப் பாத்திரமாக ரெண்டு வாங்கி வந்தார்.

புதுக் கண்ணாடி போட்ட மறுநாள் சமைத்தார். சின்ன பர்னர், சின்னத் தீ. எல்லாம் ரிப்பேர்காரர் சொன்னபடி. கண்மூடித் திறப்பதற்குள் சமையல் முடிந்துவிட்டது. அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கதோஷம், போய்க் கதவைத் திறந்து வைத்தார்.

டெய்லரம்மா வந்தாள். கையில் கிண்ணம் இல்லை. அடுப்பு சரியாகிவிட்டதா என்று விசாரித்தாள்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் போம்மா."

அவள் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். "ஐயோ மாஸ்டர், இது உங்களுக்கே பத்தாது. இனிமே எங்களுக்குன்னு சிரமப்படாதீங்க. வாட்ச்மேன் அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன், உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அவளைக் குறை சொல்லி என்ன? போகிற போக்கில், காற்றில் அடித்துக்கொள்ளப் போகிறதே என்று கதவையும் சாத்திவிட்டுப் போனாள்.

மாஸ்டர் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கவளத்திலேயே தெரிந்துவிட்டது, பருப்பில் உப்பு கரித்தது. கூட்டத்துக்கு அள்ளிப் போட்டே பழகிய கைக்கு ஒரு ஆளின் அளவு எப்படித் தெரியும்? கேன்டீனாக இருந்தால் முதல் பந்தியிலேயே கத்தித் தீர்த்திருப்பார்கள். சாத்திய கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், உப்பு ஜாஸ்தி" என்று தானே வாய்விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு, தட்டைக் காலி பண்ணும்வரை தலை நிமிரவில்லை.