விட்ட இடம்

சுனைக்குடிக்கும் பனையடிப்பட்டிக்கும் நடுவிலிருக்கும் திடலில், வடிவு எறிந்த கூடைப்பந்து வளையத்துக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. அவள் அதை எறிந்தது கல்யாணத்துக்கு முன்னால். பந்து கையை விட்டுக் கிளம்பியதும் மழை பிடித்துக்கொண்டது. நடுவர் பாக்கியநாதன் சார் விசில் ஊதினார். எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். பந்து விதி தெரிந்த பந்து; விசில் ஊதினால் அசையக் கூடாதென்று அங்கேயே இருந்துவிட்டது. பந்தில் காற்று இறங்கினால் மட்டும் சைக்கிள் கடைக்காரர் குடையோடு ஏணியில் ஏறி அடித்துவிட்டு வருவார். திடலுக்கு மேலே மட்டும் மழை விடவே இல்லை.

ஜெயிக்கிற ஊரில்தான் பஸ் நிற்கும் என்று பேச்சு. ஆட்டம் முடியாததால் பஸ் இரண்டு ஊரிலும் நிற்கவில்லை. வடிவு பிறந்தது சுனைக்குடி, வாக்கப்பட்டது பனையடிப்பட்டி. பாப்பாவுக்குத் தடுப்பூசி போட வேண்டும். ஒக்கலில் பிள்ளையோடு பஸ்ஸைத் துரத்துவாள். பாப்பாவுக்கு அந்த ஓட்டம் ரொம்பப் பிடிக்கும். டிரைவரும் நல்ல மனுஷன். டாட்டா காட்டிவிட்டுத்தான் போவார்.

இன்று காலை திடலில் மழை விட்டது. இரண்டு அணியும் வந்து நின்றன. சார் விதிப் புத்தகத்தை விரித்தார்.

“‘மழை விட்டதும், விட்ட இடத்திலிருந்து ஆடவும்.’ இவ்வளவுதான் போட்டிருக்கு.”

“பந்து நிக்குதே, அதுதான் விட்ட இடம். ஒரு ஊது ஊதுங்க, தானா உள்ளே விழும்,” என்றாள் சுனைக்குடி கேப்டன் பிச்சம்மா.

“அதெப்படி? மதினி எங்கே நின்னு கையை விட்டாவளோ, அதுதான் விட்ட இடம்,” என்றாள் பனையடிப்பட்டி மாடத்தி. அன்று வடிவை மறித்து நின்றவள். இப்போது வடிவின் நாத்தனார்.

“அன்னைக்கு என்னமோ ஏசிக்கிட்டே மறிச்சியே ஏட்டி, அதையும் விட்ட இடத்துலேர்ந்து ஏசு,” என்றாள் வடிவு.

“‘நீ கிழிச்சே’ வரைக்கும் சொன்னேன் மதினி. இப்ப நம்ம வீட்டுக்கு வந்துட்டீய. மிச்சத்தை மாத்தித்தான் சொல்லணும்.”

“ஒக்கல்ல இருக்கிறது ஆறாவது ஆளு சார்!” என்று யாரோ கத்தினார்கள்.

“பல்லு முளைக்காதவங்க ஆட்டத்துல சேத்தி இல்லை,” என்றார் சார். பாப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

வடிவுக்கு இரண்டு பக்கமும் இடி. பந்து உள்ளே விழுந்தால் பஸ் சுனைக்குடியில் நிற்கும். அவள் புகுந்த வீட்டு வாசலைத் தாண்டிப் பறக்கும். வேண்டுமென்றே தவறவிட்டால் அம்மா வீட்டில் பச்சைத் தண்ணி கிடைக்காது.

சார் பந்தை அண்ணாந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். “கை விட்ட இடம்.”

பந்து வந்த வழியே திரும்பி இறங்கி வடிவின் கையில் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து ரோட்டில் பஸ் சத்தம் கேட்டது. பழகின கால் சும்மா இருக்குமா? ஒரு பக்கம் பிள்ளை, மறுபக்கம் பந்து. ஓடினாள்.

“சார், டிராவல்! பந்தைத் தட்டாம ஓடுதாவ!”

சார் நீளமாக ஒரு விசில் அடித்தார். ஒரு விசில் அடித்தால் நிற்பதுதானே பஸ்ஸுக்கு வழக்கம்? பஸ் நின்றது. வடிவு ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.

தப்பு முடிந்த இடத்திலிருந்துதான் அடுத்த பந்து. அதனால் இரண்டு அணியும் சாரும் பின்னாலேயே ஏறினார்கள்.

“இனி ஆட்டம் இங்கேதான்,” என்றார் சார். “ஆட்டக்காரங்க ஏறி இறங்க ரெண்டு ஊர்லயும் வண்டி நிக்கணும்.”

“ஆட்டம் எப்ப சார் முடியும்?” என்றார் கண்டக்டர்.

“என்ன அவசரம்?” என்றாள் வடிவு. பந்தைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பிச்சம்மாவும் மாடத்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், எடுக்க யாரும் குனியவில்லை.

“படியில நிக்காதீங்க, உள்ளே போங்க,” என்று கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்கு முந்தின பாலத்தில், ஆட்டத்தைத் தேடித் திடலிலிருந்து கிளம்பி வந்த வளையம் நின்று கை காட்டியது. பஸ் நின்றது. அதன் கம்பம் உயரமென்பதால் குனிந்துதான் ஏற முடிந்தது. மாடத்தி பாப்பாவை மடியில் வாங்கிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தாள். அவள் விட்ட இடத்தில் வளையம் உட்கார்ந்துகொண்டது.