நீல ரிப்பன்

பதினான்கு வருடமாக ஜெயமங்கலத்து வாழைத்தோட்டத்தில் மேனேஜர் தங்கப்பாண்டியன் தலையாட்டாமல் ஒரு தார்கூட வெட்டப்பட்டதில்லை. தார் தள்ளிய வாரத்துக்கு ஒரு நிறமாக ரிப்பன் கட்டுவார்கள். எந்த வாரம் எந்த நிறத்தை வெட்டுவது என்பது அவர் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தது. மோட்டார் நின்றாலும் லாரி வராவிட்டாலும் அவருக்கே போன் வரும். சோற்றில் கை வைக்க விடமாட்டார்கள். போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கம்பத்திலிருந்து முதலாளி ராஜா முகம்மது வந்தார். "எல்லாத்தையும் நீங்களே சொமந்தா எப்புடி? தார்வெட்ட அனுசுயாகிட்ட விட்டுருங்க."

அனுசுயா எட்டு வருடமாக அங்கே தார் வெட்டுகிறவள். "இனிமே பொறுப்பு ஒனக்குத்தான்" என்று தங்கப்பாண்டியன் அரைமனதாக அவளிடம் சொன்னார். அவளோ மறுநாளே ஷெட்டில் கரும்பலகை மாட்டி, வாரத்துக்கான நிறத்தையும் வரிசைக்கு யார் பொறுப்பு என்பதையும் எல்லோருக்கும் தெரிய எழுதிப் போட்டாள்.

போன் குறைந்தது. மனுஷன் நிம்மதியாகச் சாப்பிட வேண்டியதுதானே? அதுதான் இல்லை. ஷெட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். இவர் தலை தெரிந்ததும் அடங்கும். நம்மைப் பற்றித்தான். முதலில் தார்வெட்டு, அடுத்து மருந்தடிப்பு, கடைசியில் நாற்காலி. எல்லாம் பேசி வைத்த வேலையென்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

ஒரு மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போயிருந்தபோது, பத்தாவது வரிசைக்குள் நுழைந்தார். பிஞ்சுத் தார் ஆறில் இருந்த மஞ்சள் ரிப்பனை அறுத்துவிட்டு, அந்த வாரம் வெட்ட வேண்டிய நீலத்தைக் கட்டினார். வெட்டி லாரியில் ஏற்றட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை ஷெட்டுக்கு வந்தவர் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார். 'பத்தாம் வரிசை, ஆறு தார். நீல ரிப்பன், காய் பிஞ்சு. வெட்டவில்லை. தவறு: அனுசுயா.'

பின்னாலேயே முதலாளியின் கார் வந்தது. அவளே போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள்.

"வெளிநாட்டுக்குப் போற சரக்கு. ரிப்பனே தப்புன்னா எவன் நம்பி வாங்குவான்?" முதலாளி கத்தினார். "தங்கப்பாண்டி, நான்தான் அவசரப்பட்டுட்டேன். தார்வெட்ட நீங்களே பாருங்க. அனுசுயா, நீ பழையபடி கத்தியப் பிடி."

கேட்டது கிடைத்துவிட்டது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் கையில் அந்த ஆறு நீல ரிப்பனும் இருந்தன. அவிழ்த்தவை அல்ல, முடிச்சோடு அறுத்தவை. மற்றவர்களெல்லாம் இழுத்தால் அவிழும் சுருக்குத்தான் போடுவார்கள். ரெட்டை முடிச்சுப் போட்டு இறுக்குவது தோட்டத்திலேயே ஒரே ஓர் ஆள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மொதலாளி, அது நான் கட்டுனது," என்றார். "இவுக வெட்டிருவாகளான்னு பாக்கத்தான் கட்டுனேன்."

முதலாளி "அப்ப தார்வெட்ட அவளே பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் போனதும் தங்கப்பாண்டியன் பலகையில் இருந்த அவள் பெயரை உள்ளங்கையால் அழித்துத் தன் பெயரை எழுதினார்.

"முடிச்சப் பாத்ததுமே தெரிஞ்சிருக்குமே ஆத்தா. ஏன் ஒம் பேரப் போட்ட?"

"பொறுப்பு எனக்குன்னு நீங்கதானண்ணே சொன்னீக. என் வரிசையில யாரு கட்டுனாலும் எந்தப்புத்தான."

அவள் கையை நீட்டினாள்.

"மிச்ச ரிப்பனக் குடுங்க."

சட்டைப் பையிலிருந்து நீலச் சுருளை எடுத்துக் கொடுத்தார். அவள் கையை மடக்கவில்லை.

"இன்னொரு பையி?"

அதிலும் ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தார்.