புதுக் குச்சிக்குக் கை பழகிய விதம்

ரயில்வே கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்த ரூஃபஸுக்கு, எழுபத்தெட்டாம் வருடம், திருமண நாள் பரிசாக அவர் மனைவி பியூலா ஒரு ஸ்னூக்கர் குச்சி வாங்கிக் கொடுத்தார். செகந்திராபாத் கடைகளில் நல்லதாக எதுவும் கிடைக்காததால் கல்கத்தாவில் இருந்த தன் அண்ணனுக்கு டிரங்க் கால் போட்டிருந்தார். “என்ன வெயிட்டுல வேணும்?” என்று கேட்டார் அண்ணன். கணவரின் எடையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, “எண்பது கிலோ இருப்பாங்க” என்றார் பியூலா. மாப்பிள்ளை நன்றாகப் பெருத்துவிட்டார் போல என்று எண்ணி, கடையில் இருந்ததிலேயே கனமான குச்சியை அனுப்பி வைத்தார் அண்ணன்.

அதுவரை ரூஃபஸ், ரயில்வே ஊழியர்கள் மாலையில் கூடி விளையாடும் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் சுவரோரம் சாத்தியிருக்கும் பொதுக் குச்சிகளில் ஒன்றை எடுத்து ஆடுவார். அவரை ஜெயிப்பது கஷ்டம் என்று பெயர். புதுக் குச்சியோடு போன முதல் மாலை, வெள்ளைப் பந்து எதையும் தொடாமல் நேராகக் குழிக்குள் போய் விழுந்தது. அடுத்த அடியில் மேஜையை விட்டே குதித்து, பக்கத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களின் பலகையில் போய் நின்றது. அவர்கள் ஆட்ட மும்முரத்தில் அதை வைத்தே ஒரு காயை அடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“இது எனக்கு ஆகாது ரஹீம் பாய்” என்றார் ரூஃபஸ். “ஆனா அவகிட்ட எப்படிச் சொல்ல?”

புள்ளி குறிக்கும் மார்க்கர் அப்துல் ரஹீம் பல வருடமாகத் தமிழர்களோடு பழகியவர். “குச்சிக்கு உங்களைத் தெரியாது சாப். ஆதத் ஆகணும், பழகணும். எப்பவும் கையிலே வெச்சுக்கோங்க. கீழே வைக்க நக்கோ, வைக்கவே கூடாது.”

“ஆபீஸ்லயுமா?”

“ஹவ், சாப்! ஆபீஸ்லயும்தான்.”

மறுநாள் காலை, வீடு இருந்த மல்காஜ்கிரியில் ரூஃபஸ் குச்சியோடு பஸ் ஏறினார். கூட்டத்தில் அதை இரு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். கம்பி எட்டாதவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அலுவலகத்துக்கு இறங்கும் ஸ்டேஷன் நிறுத்தம் வந்தபோது அதில் ஐந்தாறு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் இறங்க வேண்டும் என்றதும் கோபித்துக்கொண்டார்கள். அலுவலகத்தில் சூப்பிரண்டு ராமசுவாமி முதலில் கத்தினார். மதியத்துக்குள், உயரத்தில் இருந்த ஜன்னல் கதவைத் தள்ளவும், தூங்கும் பியூனை எழுப்பவும் அவரே கேட்டு வாங்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் குச்சி வந்தது. காணிக்கைப் பை எட்டாத வரிசைக்கு ரூஃபஸ் அதை நுனியில் மாட்டி நீட்டியபோது, ஒருவரும் தப்பிக்க முடியவில்லை. போதகருக்குப் பரம திருப்தி.

எல்லா வேலைக்கும் பழகிவிட்ட குச்சி, ஸ்னூக்கர் மேஜையில் மட்டும் அடம்பிடித்தது. கடைசியில் ரூஃபஸ் அதைப் பியூலாவிடமே சொல்லிவிட்டார்.

“அப்போ வீட்டுலயே அடிச்சுப் பழகுங்க” என்றார் பியூலா. சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, எலுமிச்சம்பழங்களைப் பரப்பினார். குழிகளுக்குப் பதிலாக மேஜை ஓரத்தில் நாலு டம்ளர்களைக் கவிழ்ந்துவிடாமல் கட்டினார். எலுமிச்சை நேராக உருளாது. கொஞ்சம் போய்விட்டுத் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். கனமான குச்சியால் மெல்லத் தொட்டால்தான் சொன்ன பேச்சு கேட்டது. ரூஃபஸ் இன்ஸ்டிட்யூட் போவதை நிறுத்தினார். சாயங்காலமெல்லாம் இருவரும் மாறி மாறி ஆடினார்கள். விழுந்த பழம் அடிபட்டுவிடும் என்பதால் ரூஃபஸ் உடனே எடுத்துக் கொடுக்க, பியூலா அதை ஊறுகாய்க்கு நறுக்கிவிடுவார். ஒரு மாதத்தில் வீட்டில் ஜாடி போதவில்லை.

பிறகு இன்ஸ்டிட்யூட்டின் வருடாந்திரப் போட்டி வந்தது. இறுதி ஆட்டத்தில் எதிரே, ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை பார்க்கும் ஜகதீசன். பியூலாவும் பார்க்க வந்திருந்தார். ரூஃபஸ் வெள்ளைப் பந்தை மெல்லத் தொட்டார். ஒரு சிவப்பு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. ஆட்டம் சரிக்குச் சரியாகப் போய், மேஜையில் கடைசிப் பந்துகள் மட்டும் மிஞ்சியிருந்தன. ரூஃபஸ் மஞ்சள் பந்தைக் குறிவைத்து அழகாகக் குழியில் தள்ளினார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் குழிக்குள் கைவிட்டுப் பந்தை எடுத்து, நாலடி நடந்து, பியூலாவிடம் கொடுத்தார். பியூலாவும் ஒன்றும் யோசிக்காமல் அதைக் கைப்பைக்குள் போட்டு மூடினார்.

“அதை எங்கே எடுத்துட்டுப் போறீங்க?” என்று கத்தினார் ஜகதீசன்.

“ஊறுகாய்க்கு” என்றார் ரூஃபஸ், அடுத்த பந்தைப் பார்த்தபடி.

நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பந்தை மனைவிக்குக் கொடுப்பது பற்றி அதில் எதுவும் இல்லை. கடைசியில் பொதுவான தவறு என்று அபராதம் போட்டார். ஆட்டம் முடிந்தபோது அந்த அபராதப் புள்ளி வித்தியாசத்தில் ரூஃபஸ் தோற்றார். அவர் முகம் தொங்கியதைப் பார்த்து பியூலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரிப்பு அடங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ரூஃபஸும் சிரிக்கத் தொடங்கி, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பினூடே பியூலா வீட்டு எலுமிச்சம்பழ ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார். கோப்பையைக் கையில் வைத்திருந்த ஜகதீசனுக்குத்தான் ஏதோ தோற்ற மாதிரி இருந்தது.

“அந்த எலுமிச்சம்பழ ஆட்டம் எப்படிங்க?” என்று தயங்கிக் கேட்டார்.

“ஞாயித்துக்கெழம வாங்க, சொல்லுதேன்” என்றார் பியூலா.

ஜகதீசன் மனைவி பாமாவோடு வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு பியூலாவோடு ஆடினார். ஒரு பழம்கூட அவர் சொன்ன திசையில் போகவில்லை. மூன்றாவது முறையும் தோற்று, இன்னும் ஒரே ஒரு ஆட்டம் என்று அவர் கெஞ்சியபோது, பியூலா அடுக்களைக்குள் போய்க் குழம்புச் சட்டியோடு வந்து நின்றார்.

“மொதல்ல சாப்பிடுவோம். குச்சியை எடுங்க அண்ணாச்சி, சட்டி சுடுது.”