வாசலில் சாமந்தி

லொரெட்டாவுக்கு வீடு மாறுவது புதிதில்லை. பட்டாளத்துக்காரனைக் கட்டிக்கொண்டவள் மூட்டையை அவிழ்க்கும்போதே, அடுத்த முறை கட்டுவதற்காகக் கயிற்றைப் பத்திரப்படுத்திவிடுவாள். ஆனால் எந்த ஊராக இருந்தாலும், குளிர் தொடங்கும் முன் வாசற்படியில் சாமந்தித் தொட்டிகளை வைக்காமல் இருக்கமாட்டாள். அமெரிக்காவில், ஜார்ஜியாவில் அவள் அம்மா அப்படித்தான் வைத்தாள், அந்தத் தெருவே வைத்தது. பூத்தொட்டி வந்த பிறகுதான் அது வீடு. அதுவரை அரசாங்கம் கொடுத்த நாலு சுவர்.

இந்த முறை வந்து சேர்ந்தது இத்தாலியில், விசென்சாவை ஒட்டிய ஒரு கிராமத்தில். பட்டாள முகாமுக்குள் வீடு காலியில்லை என்று வெளியே அமர்த்தியிருந்தார்கள். சாமான்கள் கப்பலில் வந்துகொண்டிருக்கும்போதே புருஷன் கர்டிஸுக்கு ஆப்கானிஸ்தான் உத்தரவு வந்துவிட்டது. பட்டாளத்துக்கு எப்போது நல்ல நேரம் பார்க்கத் தெரிந்தது?

கிளம்பும்போது, "தொட்டியை மறந்துடாதே லோரி. இந்த ஊர்ல எல்லா வீடும் ஒரே மஞ்சளா இருக்கு. பூவைப் பார்த்துத்தான் நான் நம்ம வீட்டைக் கண்டுபிடிக்கணும்," என்றான். ஆறு வயது மகள் மேவிஸ் அதை அப்படியே நம்பிவிட்டாள். சொல்லப்போனால் அவள் அம்மாவும் பாதி நம்பினாள்.

ஊர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அமெரிக்கப் பட்டாளக் குடும்பங்கள் வரும், போகும், யாரென்று பழகுவது? எதிர்வீட்டு ஓர்னெல்லா கல்யாணத்துக்கு முன் லண்டனில் ஹோட்டல் வேலை பார்த்தவள், அரைகுறையாக ஆங்கிலம் வரும். அவளே தலையசைப்போடு நிறுத்திக்கொண்டாள்.

அக்டோபர் கடைசியில் சந்தைக்குப் போனால், திரும்பிய பக்கமெல்லாம் சாமந்தி. லொரெட்டாவுக்குப் பிறந்த ஊரே எதிரில் வந்து நின்றாற்போல் இருந்தது. வெள்ளையும் மஞ்சளுமாக எடுத்தாள். பூக்காரி ஏதோ கேட்டாள். புரியாவிட்டாலும் இவள் சிரித்துக்கொண்டே, "கர்டிஸுக்கு" என்றாள். பூக்காரி அவள் கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்து, ஒரு தொட்டியைக் கூடவே வைத்து அனுப்பினாள்.

தொட்டிகளைப் படியில் வைத்ததும் ஊர் மாறிவிட்டது. தெருவில் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ரொட்டிக்கடையில் முதலில் இவளைக் கவனித்தார்கள். ஒரு பாட்டி மேவிஸின் தலையைத் தொட்டு முத்தமிட்டாள். அன்றே கர்டிஸுக்கு எழுதினாள், ஊர் நம்மை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று. பாவம், அப்படி ஒரு பூரிப்பு அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டும் சத்தம். கதவின் மங்கல் கண்ணாடிக்கு அப்பால் கறுப்பாக இரண்டு உருவங்கள்.

பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காயம்பட்டால் தொலைபேசி மணி அடிக்கும். அதற்கு மேலே என்றால், வாசலுக்கு இரண்டு பேர் வருவார்கள். கதவைத் திறக்க ஓடிய மேவிஸை இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டு லொரெட்டா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். திறக்காதவரை அவன் உயிரோடு இருப்பான் என்று தோன்றியது. வெளியே இருந்தவர்களும் போவதாக இல்லை.

கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தாள். ஓர்னெல்லாவும் அவள் புருஷன் ஜீனோவும் கறுப்பு உடையில் நின்றார்கள். ஜீனோ கையில் துணி போட்டு மூடிய சூப்புப் பாத்திரம். ஓர்னெல்லா அவளைக் கட்டிக்கொண்டு, "எப்போம்மா செய்தி வந்துச்சு?" என்று அழுதாள்.

"என்ன செய்தி?"

ஓர்னெல்லா வாசற்படியைக் காட்டினாள். "இந்தப் பூ கல்லறைக்கு மட்டும்தாம்மா. உயிரோட இருக்கிறவங்க வீட்டு வாசல்ல யாரும் வைக்க மாட்டோம். நீ அவர் பேரைச் சொன்னேன்னு பூக்காரி ஊர் பூரா சொல்லிட்டா."

லொரெட்டா முதலில் சிரித்தாள். அப்புறம் அழுதாள். எது எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. ஜீனோ காதுவரை சிவந்து போய், சூடு ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னார். எல்லோருமாகச் சாப்பிட்டார்கள். துக்கம் கேட்க வந்த வீட்டில் அப்படிச் சிரிப்பு அந்தக் கிராமத்தில் கேட்டிருக்காது. சாயங்காலம் தொட்டிகளைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போய் ஜீனோவின் அம்மாவுக்கு வைத்தார்கள். அப்பாவுக்கு வீடு தெரியாதே என்று மேவிஸ் மட்டும் அழுதுகொண்டே வந்தாள். ஓர்னெல்லா தன் ஜன்னலில் இருந்த சிவப்பு ஜெரேனியம் பூத்தொட்டியை எடுத்துவந்து அந்தப் படியில் வைத்தாள்.

கர்டிஸ் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சிரித்தான். "ஆள் இருக்கும்போதே கருமாதி பண்ணிட்டியேடி. சூப்பு நல்லா இருந்துச்சா?" அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்தது.

அடுத்த வாரம் ஒரு காலையில் லொரெட்டா சோளமாவு ரொட்டி சுட்டு, கழுவிவைத்த சூப்புப் பாத்திரத்தில் அடுக்கி வைத்தாள். வெறும் பாத்திரமாகத் திருப்பிக்கொடுக்கக் கூடாது அல்லவா. பாத்திரத்துக்கு வருகிறேன் என்று ஓர்னெல்லா சொல்லியிருந்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு அப்பால் கறுப்பாக இரண்டு உருவங்கள்.

இந்தத் தடவை அவள் பயப்படவில்லை. ஜீனோவும் வந்துவிட்டாரா என்று நினைத்து, பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாகவே கதவைத் திறந்தாள்.

விறைப்பான சீருடையில் ஓர் அதிகாரியும், பட்டாளத்துப் பாதிரியாரும் நின்றார்கள். அதிகாரி அவள் முழுப்பெயரைச் சொல்லி, அவள்தானா என்று கேட்டார்.

லொரெட்டா படியைப் பார்த்தாள். அங்கே சிவப்பு ஜெரேனியம்தான் இருந்தது.

"இல்லைங்க, அது தப்பாயிடுச்சு," என்றாள் பொறுமையாக. "எனக்கு முதல்ல தெரியலை. அந்தப் பூவை எல்லாம் எடுத்துட்டோம். நல்லாப் பாருங்க, ஒண்ணுகூட இல்லை."

பாதிரியார் பாத்திரத்தை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவர்களைப் பார்த்த ஓர்னெல்லா, சமையல் ஏப்ரனோடு அப்படியே தெருவில் இறங்கி ஓடிவந்தாள்.