சீயக்காய் போட்டுக் கழுவிய பொம்மை

நைஜீரியாவில் பதினோரு வருடம் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியபோது, அந்த ஊர்ப் பழைய மரச்சிற்பங்களை வாங்கி வந்தேன். உருவம் இருக்கும் வீட்டுக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்று என் மனைவி மிஸ்ரியா வாசலிலேயே மறித்துவிட்டாள். சங்கரன்கோவில் ஸ்டேஷன் பக்கம் ஓர் அறை பிடித்து விற்கிறேன்.

நேற்று அவள் சாப்பாடு கொண்டுவந்த நேரம் சென்னையிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு சாண் உயரப் பெண் பொம்மையைக் கேட்டிருந்தவர், நான் அனுப்பிய புதுப் படத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"முதல் படத்துல இருந்த அந்தச் சிவப்பு எங்கே?"

"அழுக்கு சார். சீயக்காய் போட்டுத் தேய்ச்சிட்டேன். இப்ப பளிச்சுன்னு இருக்குல்லா?"

"அழுக்கா? இரட்டைப் பிள்ளையில ஒண்ணு செத்துட்டா அங்கே இந்தப் பொம்மையைச் செய்வாங்க. தாய் அதைக் குளிப்பாட்டி, சிவப்பு மரப்பொடி பூசி, வருஷக்கணக்கா வளர்ப்பா. அவ பூசினதையா தேய்ச்சீங்க?"

போனை வைத்துவிட்டார். எனக்கு எரிச்சல்.

"பெரிய இவரு. முன்னாடியே சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

இத்தனை நாள் எந்தச் சிற்பத்தையும் தொடாத மிஸ்ரியா, பொம்மையை எடுத்து மோந்து பார்த்தாள்.

"நம்ம பிள்ளை மௌத்தாகி அடக்கம் பண்ணுன மறுநாளும் இதத்தான் செஞ்சீய," என்றாள். "அவ சட்டை பூராத்தையும் தொவச்சுப் போட்டீய. ஒண்ணுலயாவது அவ வாடை இருக்கான்னு நான் இன்னும் மோந்து பாக்கேன்."