அடுத்த வீட்டுத் தொட்டி

கால்வாயோரத் தெருவில் இந்த மழைக்குக் காய்ச்சல் வரவில்லை என்று தெரிந்ததும் நிருபருக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு வாரமாக வானம் ஊற்றிக்கொண்டிருந்தது. வழக்கமாக இந்நேரம் அங்கிருந்து யாராவது போன் செய்து அழுதிருப்பார்கள். அவரும் போய் நின்று, சுருண்டு கிடக்கும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, சாக்கடையை ஒரு முறை முறைத்துவிட்டு வந்து எழுதியிருப்பார். அப்படி எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அலுவலகத்தில் முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'ஒப்பாரி'. அது அவருக்கும் தெரியும். ஒப்பாரி வைக்கவும் ஓர் ஆள் வேண்டுமே என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

புதிதாக வந்த பத்திரிகை ஆசிரியர் அம்மாவுக்கும் அவருக்கும் முதல் நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். காலைக் கூட்டத்தில் அந்த அம்மா கேட்டார், "அங்க ஏன் காய்ச்சல் வரலன்னு போய்ப் பாருங்களேன்."

"வராததுக்கு எதுக்கு மேடம் செய்தி?"

"பக்கத்துத் தெரு பூரா படுத்துக் கிடக்கு. இவங்க மட்டும் நடமாடுறாங்க. என்ன செஞ்சாங்க, எது பலிச்சுது, எது பலிக்கல, இன்னொருத்தர் செய்ய முடியுமா. அதைக் கேளுங்க."

"பாராட்டு விழா நோட்டீஸ் எழுத நான் வேலைக்கு வரல."

"யாரு பாராட்டச் சொன்னா? சந்தேகப்படுங்க. ஊழலைத் துருவுற மாதிரி துருவுங்க. அதுக்குத்தான் உங்கள அனுப்புறேன்."

சுற்றியிருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேசையைப் பார்த்தார்கள். நிருபர் அந்த அம்மாவை மனதுக்குள் கரித்துக்கொட்டிக்கொண்டே மழைக்கோட்டை எடுத்தார். ஊர் உலகமெல்லாம் நாறிக்கிடக்கும்போது தீர்வாம், தீர்வு. வாசகர்கள் குறைகிறார்கள் என்றால் அதற்கு அவர் என்ன செய்ய முடியும்? உண்மை கசந்தால் துப்புகிறவர்கள் துப்பட்டும்.

தெருவில் அவரைக் கண்டதுமே இரண்டு கதவுகள் சாத்திக்கொண்டன. மூன்றாவது வீடு தையல்காரம்மாவுடையது. கதவோரம் மெஷின் போட்டிருந்ததால் சாத்த முடியவில்லை. அவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"யாரு செத்தாங்கன்னு பாக்க வந்தீங்களா? இந்த வருஷம் யாரும் இல்ல. போயிட்டு அடுத்த மழைக்கு வாங்க."

"அதைக் கேக்கத்தாம்மா வந்தேன். எப்படி இல்லாமப் போச்சுன்னு."

மெஷின் நின்றது. "எங்க தெரு பேரச் சொன்னா ஆட்டோ வராது. பொண்ணு குடுக்க மாட்டாங்க, எடுக்க மாட்டாங்க. எல்லாம் நீங்க எழுதினது. இப்ப நல்லா இருக்கோம்னதும் அதுவும் வேணுமா?"

அப்போது குடையை மடக்கிக்கொண்டு ஓர் இளம்பெண் வந்தாள். ஏதோ மருத்துவமனை வரவேற்பறையின் சீருடை. அவரைப் பார்த்த மாத்திரத்தில் அவள் முகம் இறுகியது. அவருக்குத்தான் அடையாளம் தெரியவில்லை.

"என்னத் தெரியலையா சார்? வருஷா வருஷம் போடுறீங்களே."

தெரிந்துவிட்டது. சாக்கடைத் தண்ணீரில் முழங்கால் வரை நின்று, மூக்கு ஒழுக, கேமராவைப் பார்க்கும் சின்னப் பெண். அவர் எழுதிய கட்டுரைக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த படம். அதற்குப் பிறகு தெருவின் பேர் பத்திரிகையில் வந்தபோதெல்லாம் கூடவே வந்த படம். அவள் வளர்ந்துவிட்டாள், படம் வளரவில்லை.

"நான் எந்தத் தெருன்னு வேலை செய்ற இடத்துல யாருக்கும் தெரியாது. வர்றவங்க கையில டோக்கன் குடுக்கிறவ நான். சாக்கடைப் பொண்ணு குடுத்தா வாங்குவாங்களா? ஒவ்வொரு மழைக்கும் பேப்பர நான்தான் முதல்ல பிரிச்சுப் பாக்கிறேன், படம் வந்திருக்கான்னு." அம்மாவைப் பார்த்தாள். "எப்படிச் செஞ்சோம்னு சொல்லும்மா. மத்தவங்களுக்காவது உதவட்டும். ஆனா அந்தப் படம் இனிமே வரக் கூடாது. அவ்வளவுதான்."

"வராது. நான் பொறுப்பு," என்றார் நிருபர். மனதாரத்தான் சொன்னார்.

அவர்கள் செய்தது வெகு சாதாரணமான காரியம். கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது, மூடி போடுங்கள், கொட்டிக் கவிழுங்கள் என்று அதிகாரிகள் தொண்டை கிழியக் கத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் தங்கள் வீடு சுத்தம் என்றே சொன்னார்கள், நம்பவும் செய்தார்கள். கடைசியில் ஒரு சண்டையில்தான் வழி பிறந்தது. தையல்காரம்மாவுக்கும் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனுக்கும் ஒரு வடிகால் குழாயை வைத்துப் பல காலப் பகை. எலக்ட்ரீஷியனின் மகன் காய்ச்சலில் விழுந்தபோது, "உன் வீட்டுத் தொட்டியிலதான் கொசு" என்று அவர் கத்த, "வந்து பாருய்யா, உன் வீட்டுக்கும் நான் வரேன்" என்று இந்த அம்மா பதிலுக்குக் கத்த, இருவரும் டார்ச்சோடு ஒருவர் வீட்டில் ஒருவர் நுழைந்தார்கள். இரண்டு வீட்டிலும் புழு நெளிந்தது.

அன்றிலிருந்து தெருவில் ஒரே சட்டம். சொந்த வீட்டைப் பார்க்கக் கூடாது. அடுத்த வீட்டைத்தான் பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை, விடுமுறை நாள் காலையில். யாருக்கு யார் ஆகாதோ அவர்களைத்தான் ஜோடி சேர்ப்பார்கள். ஆகாதவர்கள்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். பிரிட்ஜுக்குப் பின்னாலிருக்கும் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர் எதுவும் தப்பாது.

"சிநேகிதக்காரங்களப் போட்டுப் பாத்தோம்," என்றார் தையல்காரம்மா. "காபி குடிச்சிட்டு வந்துட்டாங்க."

நிருபர் துருவினார். பொய் கிடைக்கும் என்று நம்பித்தான் துருவினார். கிடைத்தது வேறு. பூட்டிக் கிடக்கும் வீடுகளை இவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பின்சந்தில் வாடகைக்கு இருப்பவர்களை யாரும் இதில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அங்கே ஒரு பையன் இந்த மழையிலும் காய்ச்சலில் படுத்திருந்தான். அதைக் கேட்டபோது தையல்காரம்மாவின் முகம் சுருங்கியது. "அவங்கள யாருமே கூப்பிடல. தப்புதான். எழுதிக்கோங்க."

அன்று சாயங்காலம் எழுத உட்கார்ந்தவருக்கு விரல் நிற்கவில்லை. பல வருடங்களாக அவர் எழுதி முடித்ததும் வாய் கசக்கும். இரண்டு டீ குடித்தால்தான் போகும். அன்றைக்கு டீயே நினைவுக்கு வரவில்லை. ஆசிரியர் அம்மா படித்துவிட்டு, பின்சந்து விஷயத்தை மேலே கொண்டுவரச் சொன்னார். "இதைத்தான் கேட்டேன்," என்றார். நிருபர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார், சந்தோஷப்பட்டதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

மறுநாள் பக்கத்தைப் பிரித்தார். அரைப் பக்கக் கட்டுரை. நடுவில், பக்கத்தின் பாதி அகலத்தில், சாக்கடைத் தண்ணீரில் அந்தச் சின்னப் பெண்.

படியேறிப் போனவர் பக்கம் அமைக்கும் லே-அவுட்காரரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"படம் நீங்க அனுப்பினதுதான் சார். உங்க ஃபைல்லயே ஒட்டிக்கிட்டு வந்துச்சு."

ஒவ்வொரு மழைக்கும் நிருபர் புதிதாக ஃபைல் திறப்பதில்லை. போன வருடத்துச் செய்தியைத் திறந்து, அதன் மேலேயே தட்டி, பழையதை அழித்துக்கொண்டு போவார். தெரு, வார்டு, அதிகாரி பெயர் எல்லாம் அதிலேயே இருக்கும், நேரம் மிச்சம். இந்தத் தடவையும் கை அதைத்தான் திறந்திருக்கிறது. எழுத்தை முழுக்க மாற்றினார். அடியில் இணைத்திருந்த படத்தை அவர் பார்க்கவே இல்லை. கத்துவதற்கு இனி யாரும் மிச்சமில்லை.

கீழே போன் ஓயவில்லை. பேப்பர் இன்னும் கிடைக்குமா, அந்தத் தெருக்காரர்களிடம் பேச முடியுமா, எங்கள் குடியிருப்புக்கு வந்து சொல்வார்களா என்று கேட்டார்கள். பத்திரிகை விற்பனையைப் பார்க்கும் சர்க்குலேஷன் மேனேஜர் மாடியேறி வந்து அவர் தோளில் தட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

அவர் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. சீருடை போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகாமல், கதவில் சாய்ந்து நின்றிருந்தாள் தையல்காரம்மாவின் மகள். அவர் வாயைத் திறக்குமுன் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என் தப்புதான். பழைய ஃபைல்ல..."

"கேக்கல சார். கட்டுரை நல்லாத்தான் இருக்கு. அதான் எரியுது." குரல் உயரவில்லை. "முன்னாடியெல்லாம் படிச்சிட்டு, உச்சுக் கொட்டிட்டு, மறுநாளே பேப்பரத் தூக்கிப் போட்டுருவாங்க. இப்ப வெட்டி வெச்சுக்கிறாங்க. எங்க மருத்துவமனைல நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காங்களாம், எல்லாரும் இப்படிச் செய்யணும்னு. கூட வேலை செய்றவ போன் பண்ணிக் கேட்டா, அது நீதானேன்னு."

அவர் கையிலிருந்த பேப்பரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

தெருமுனையில் பேச்சுக்குரல் கேட்டது. பக்கத்துத் தெருவிலிருந்து பத்துப் பதினைந்து பெண்கள், கூடவே பின்சந்தில் காய்ச்சலில் கிடந்த பையனின் தாயும். முன்னால் வந்தவள் கையில் வெட்டிய கட்டுரை இருந்தது. ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்து, "இதுல இருக்கிற பொண்ணு வீடு எதுங்க? எப்படிச் செஞ்சாங்கன்னு பாக்கணும்," என்று கேட்டாள்.

தையல்காரம்மா எழுந்தார், மகளை மறைப்பதற்கு. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன், இத்தனை வருடங்களாகத் தொட்டியைச் சோதிக்க அல்லாமல் இந்த வீட்டு வாசலில் வந்து நிற்காத மனிதர், தானும் வந்து அவள் முன்னால் நின்றார். "அந்தப் பொண்ணு இங்க இல்லம்மா," என்றார்.

அவள் இருவரையும் விலக்கினாள்.

"நான்தான்," என்றாள். கூட்டம் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. சீருடையைக் கீழே இழுத்து நேராக்கிக்கொண்டாள். "சுத்தமா இருக்கிற வீட்ட நான் காட்டப் போறதில்ல. பின்சந்துல இருந்து ஆரம்பிப்போம். எங்க தெருவோட தப்பு அங்கதான் இருக்கு."

பெண்கள் அவள் பின்னால் நடந்தார்கள். நிருபரும் இரண்டடி எடுத்து வைத்தார். அவள் திரும்பினாள்.

"நீங்க வேணாம்."

சந்தின் இரும்புக் கதவைப் பையனின் தாய் உள்ளிருந்து சாத்தினாள். நிருபர் வெளியே நின்றார். உள்ளே ஒரு தொட்டியின் மூடி நகர்கிற சத்தம் கேட்டது. யாரோ ஒருத்தி "ஐயோ, என்ன இது" என்றாள். கம்பிகளுக்கு நடுவே தெரிந்த இருட்டில் டார்ச் வெளிச்சம் தண்ணீர் மேல் குனிந்து அப்படியே நின்றது. அதைச் சுற்றி முகங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.